நாட்டுடைமைக்குப் பின்னும் வீட்டில் மிஞ்சியிருப்பவை: எழுத்தாளர்களின் வாரிசுகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குடும்பத்தார் அனைவருக்கும் வணக்கம்.

தமிழில் எழுதிப் பெயர் பெற்றவர்களும், வாழ்நாள் முழுக்க எழுதியும் பெயர் பெறாமலே போனவர்களும் விட்டுச் சென்ற அலமாரிகளுக்கும் டிரங்குப் பெட்டிகளுக்கும் இன்று பொறுப்பாளர்களாக இருக்கும் மகன்கள், மகள்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் ஆகிய உங்கள் அனைவருக்கும் பொதுவாக இம்மடலை எழுதுகிறேன். பழைய தமிழ் நூல்களின் முதற்பதிப்புகளையும், ஆசிரியரே கையொப்பமிட்டுக் கொடுத்த படிகளையும், இலக்கியம் சார்ந்த கடிதங்களையும் தேடிச் சேர்ப்பவன் என்ற முறையில் உங்களில் சிலருடைய வீட்டு வாசலுக்கு நான் வந்திருக்கிறேன். வேறு சிலருடைய வீட்டிலிருந்து வெளியேறிய புத்தகங்களை, எடைக்கு வாங்கும் பழைய பேப்பர்க் கடைகளில் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டாவது வகைச் சந்திப்பு குறைய வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பெரும்பாலான வீடுகளில் நான் கேட்ட பதில் ஒன்றுதான்: "அவர் எழுதினதெல்லாம் நாட்டுடைமை ஆகிவிட்டது, இணையத்திலும் போட்டுவிட்டார்கள், இந்தப் பழங்காகிதத்தை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?" கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாட்டுடைமை என்பது எதை எடுத்துக்கொள்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதை எவரும் அவர்களுக்கு விளக்கிச் சொன்னதில்லை. 1949இல் பாரதியின் நூலுரிமை அரசுடைமையானதில் தொடங்கி இன்றுவரை, ஓர் எழுத்தாளரின் நூல்களை அரசு நாட்டுடைமை ஆக்கும்போது, குடும்பத்துக்கு ஒரு தொகையைக் கொடுத்துப் பெற்றுக்கொள்வது பதிப்புரிமையை மட்டுமே. அதனால் விளைந்த நன்மை பெரியது. எந்தப் பதிப்பகமும் அச்சிடலாம், விலை குறைகிறது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் காசில்லாமல் படிக்கலாம். எனினும் அவ்வாறு பொதுவாகிறவை சொற்களே. அச்சொற்கள் முதன்முதலாக ஏறிய தாள், அந்தத் தாளின்மேல் ஆசிரியர் தம் கையால் எழுதியது, அவர் திருத்திய மெய்ப்பு (அச்சேறுமுன் பிழை பார்க்கும் படி), அவருக்கு வந்த கடிதம் ஆகியவற்றை அரசு கேட்கவும் இல்லை, நீங்கள் கொடுக்கவும் இல்லை. அவை இன்றும் உங்கள் பரணில் இருக்கின்றன. அல்லது கடைசியாக வீட்டுக்கு வெள்ளையடித்தபோது வெளியே போய்விட்டன.

சொற்கள் கிடைத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். கிடைத்திருப்பவை எந்த நிலையிலுள்ள சொற்கள் என்பதுதான் சிக்கல். புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தார். அவருடைய கதைகளைக் காலவரிசைப்படுத்தி, பாடவேறுபாடுகளை, அதாவது பதிப்புக்குப் பதிப்பு மாறும் சொற்களைக் குறித்து, ஆ. இரா. வேங்கடாசலபதி செம்பதிப்பாகக் கொண்டுவந்தது 2000ஆம் ஆண்டில். இடையில் அரை நூற்றாண்டு ஓடியிருந்தது. கதைகள் முதலில் வெளிவந்த மணிக்கொடி போன்ற இதழ்களும், அவர் உயிரோடிருந்தபோது அச்சான தொகுதிகளும் எங்கோ சில அலமாரிகளில் குப்பைக்குப் போகாமல் தப்பியிருந்ததனால்தான் அப்படியொரு பணி இயன்றது. பின்னாளில் வந்த மலிவுப் பதிப்பை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் பதிப்பாசிரியரும் அந்த வேலையைத் தொடங்கியிருக்க முடியாது.

முதற்பதிப்பு ஒன்றுக்கே மதிப்பு என்று நான் சொல்வதாகவும் எண்ண வேண்டாம். அது எங்களைப் போன்ற சேகரிப்பாளர்களின் மூடநம்பிக்கைகளுள் ஒன்று. பாரதியின் 'கண்ணன் பாட்டு' 1917இல் பரலி சு. நெல்லையப்பரின் முயற்சியால் முதலில் வெளிவந்தது. 1919இல் வந்த இரண்டாம் பதிப்புக்கு வ.வே.சு. ஐயர் முன்னுரை எழுதினார். கவிஞர் வாழ்ந்த காலத்திலேயே அவரை ஒரு தேர்ந்த வாசகர் எப்படி எடைபோட்டார் என்பதை அறிய இரண்டாம் பதிப்புத்தான் வேண்டும். உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை 1894இல் பதிப்பித்து, 1923இல் மறுபடியும் பதிப்பித்தார். அறிஞர் ஒருவரின் முப்பதாண்டு உழைப்பு, அவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆசிரியரோ பதிப்பாசிரியரோ உயிரோடிருந்து கைவைத்த பதிப்பு எதுவானாலும், அது முதலாவதோ மூன்றாவதோ, காப்பாற்றத் தக்கதே.

என்னிடம் உள்ள ஒரு சிறுகதைத் தொகுதியைச் சொன்னால் நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்பது விளங்கும். ஆசிரியரின் குடும்பத்தார் நம்மிடையே வாழ்கிறார்கள், ஆகையால் பெயரைத் தவிர்க்கிறேன். இரண்டாம் உலகப் போருக்குச் சற்றுப் பின் அச்சான நூல், கிரவுன் அளவு, விலை ரூபாய் ஒன்று, அணா எட்டு. மேலட்டைப் படம் இரண்டு வண்ணப் பிளாக்கில் (படம் அச்சிடும் உலோகத் தகட்டில்) ஏற்றப்பட்டு, சிவப்பு சற்றே விலகி விழுந்திருக்கிறது. தாள் பழுப்பேறி, மூலையை மடித்தால் முறிந்து விரலோடு வந்துவிடும் நிலையில் இருக்கிறது. முன் வெற்றுத் தாளில் ஆசிரியர் நீல மையால் தம் நண்பருக்கு எழுதிய மூன்று வரிகளும், கீழே ஊரும் தேதியும் உள்ளன. அதற்கும் கீழே, வேறு கையெழுத்தில், அந்த நண்பர் அதே புத்தகத்தைத் தம் மகளின் திருமணத்துக்குப் பின் அவளுக்குக் கொடுத்ததற்கான குறிப்பு இருக்கிறது. உள்ளே ஒரு கதையில் அச்சுக் கோத்தவர் ஒரு வரியை முழுதாக விட்டுவிட்டார். ஆசிரியர் அந்த இடத்தில் அம்புக்குறி இட்டு, விடுபட்ட வரியைப் பக்கத்தின் அடியில், அதே நீல மையால், பொடி எழுத்தில் எழுதிச் சேர்த்திருக்கிறார். அந்த வரி இல்லாவிட்டால் கடைசி உரையாடலில் பேசுபவர் யார், கேட்பவர் யார் என்பதே மாறிப்போகிறது. பின்னால் வந்த பதிப்புகளை எடுத்து ஒப்பிட்டேன். கையில் கிடைத்த எல்லாவற்றிலும் அந்த வரி இல்லை. ஒன்றைப் பார்த்து ஒன்று அச்சாகி, பிழை நிலைத்துவிட்டது. நான் அந்தப் புத்தகத்தை வாங்கிய கடையில், பள்ளிக்கூடக் கணக்கு நோட்டுகளோடு சேர்த்துத் தராசில் வைத்தார்கள்.

இனி, உங்கள் அலமாரியில் இருப்பது எந்தக் காலத்துப் புத்தகம் என்பதை நீங்களே கண்டுகொள்ள உதவும் சில அடையாளங்களைச் சொல்கிறேன், ஏனெனில் புத்தகத்திலேயே 'முதற்பதிப்பு' என்று அச்சாகியிருப்பதை அப்படியே நம்ப முடியாது. தமிழ்ப் பதிப்பாளர்களில் பலர், தங்கள் நிறுவனம் முதன்முறையாக வெளியிட்ட ஆண்டையே முதற்பதிப்பு என்று போட்டுவிடுவது வழக்கம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வேறொருவர் வெளியிட்ட நாவலாக இருந்தாலும் அந்தச் செய்தி உள்ளே இராது. மாறாக, உண்மையான முதற்பதிப்பில் பல சமயம் அந்தச் சொல்லே இருப்பதில்லை. மறுபடி அச்சிடுவோம் என்ற நம்பிக்கை பதிப்பாளருக்கு அப்போது இருந்திருக்காது போலும்.

விலையைப் பாருங்கள். நயாபைசா வழக்கத்துக்கு வந்தது 1957 ஏப்ரலில். ஆகவே விலை அணாவில் இருந்தால் நூல் பெரும்பாலும் அதற்கு முந்தியது. பதிப்பகத்தின் முகவரியைப் பாருங்கள். ஆறிலக்க அஞ்சல் குறியீட்டெண் நடைமுறைக்கு வந்தது 1972இல். 'சென்னை-17' என்று மட்டும் இருந்தால் அது அதற்கு முன்பு, அல்லது பழக்கத்தை விடாத பதிப்பாளர் என்றால் அதற்குப் பின்பு. எழுத்தைப் பாருங்கள். ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் துதிக்கைபோல் வளைந்த பழைய வடிவில் இருந்தால், 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்போ அதையொட்டியோ அச்சுக் கோத்தது எனலாம். ஆனால் இதற்கு மறுதலை பொருந்தாது, ஏனெனில் பெரியாரின் குடிஅரசு 1935இலேயே புதிய வடிவங்களைக் கையாளத் தொடங்கிவிட்டது. ஆண்டு 'விரோதி' என்பதுபோல் பெயரால் மட்டும் குறிக்கப்பட்டிருந்தால், அறுபதாண்டுச் சுழற்சியில் அது 1889-90ஆகவும் இருக்கலாம், 1949-50ஆகவும் இருக்கலாம். தாளும் எழுத்தும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். திருவள்ளுவர் ஆண்டு என்றிருந்தால் 31ஐக் கழித்துக்கொள்ளுங்கள். இவற்றில் ஒன்று மட்டும் சான்றாகாது. இரண்டு மூன்று ஒத்துப்போனால் ஏறத்தாழச் சரியாக இருக்கும்.

கையொப்பத்திலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். முன்னுரையின் அடியில் ஆசிரியரின் கையெழுத்தைப் பிளாக் செய்து அச்சிடும் பழக்கம் முன்பு இருந்தது. அதைக் கண்டு, ஆசிரியர் கையொப்பமிட்ட படி என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால், பேனாவின் அழுத்தமும் மை ஊறிய தடமும் தெரிகின்றனவா என்பதைக் கொண்டு பெரும்பாலும் வேறுபடுத்திவிடலாம். உண்மையான கையொப்பத்திலும் வெறும் பெயரைவிட, யாருக்கு, எந்த ஊரில், எந்தத் தேதியில் என்ற குறிப்புள்ளதே மதிப்புடையது. புத்தக வெளியீட்டு மேடையில் வரிசையில் நின்றவர்களுக்கு இட்ட நூறு கையொப்பங்களைவிட, தம்மைக் கடுமையாக விமர்சித்த இன்னோர் எழுத்தாளருக்கு ஒருவர் தம் புத்தகத்தை அனுப்பி, அதில் எழுதிய ஒற்றை வரி இலக்கிய வரலாற்றுக்கு அதிகம் உதவும். யார் யாரைப் படித்தார்கள், யார் யாரோடு எப்போது பேச்சை நிறுத்தினார்கள் என்பதெல்லாம் அந்த வெற்றுத் தாள்களில்தான் கிடக்கிறது.

அதனால்தான், அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் புத்தகத்தைக் கொடுப்பதைக் காணும்போது மனம் பதறுகிறது. பலர் இதை நல்லெண்ணத்தோடு செய்கிறார்கள்: அப்பாவின் பெயர் கண்ட இடத்தில் கிடக்க வேண்டாம், குடும்பப் பெயர் தெருவுக்கு வர வேண்டாம் என்று நினைக்கிறார்கள். அந்த உணர்வு எனக்குப் புரிகிறது. ஆனால் தாளைக் கிழித்த புத்தகம் மற்றெல்லாப் படிகளையும் போன்ற இன்னொரு படி. கிழிக்காத புத்தகத்துக்கு இணை உலகில் வேறெங்கும் இல்லை. வெளியே போவது சங்கடமாக இருந்தால் புத்தகத்தையே வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இதைவிட மோசமான செயலை வியாபாரிகளில் சிலர் செய்கிறார்கள். புத்தகத்தைவிடக் கையொப்பத்துக்கு வாங்குவோர் அதிகம் என்று தெரிந்தால் அந்தத் தாளை மட்டும் வெட்டியெடுத்து விற்கிறார்கள். அதற்கு நாங்கள், வாங்குபவர்களே, காரணம்.

தமிழுக்கே உரிய இன்னொரு வகையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வீடுகளில் முதலில் பலியாவது அதுதான். நம் நாவல்களில் பெரும்பகுதி முதலில் வார இதழ்களில் தொடர்கதையாக வெளிவந்தது. புத்தகம் பின்னால்தான் வந்தது. 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் முதல் 1954 வரை கல்கி வார இதழில், மணியத்தின் ஓவியங்களோடு வந்தது. கல்கி 1954 டிசம்பரில் மறைந்தார். அவர் உயிரோடிருந்தபோது வாசகர்கள் வாரந்தோறும் காத்திருந்து படித்த வடிவம் இதழ் வடிவம்தான். வீட்டுப் பெண்கள் அந்தப் பக்கங்களை வாரந்தோறும் பிரித்தெடுத்து, வரிசைப்படுத்தி, ஊசி நூல் கொண்டு தைத்தோ பைண்டரிடம் கொடுத்தோ தடித்த காலிகோ அட்டை போட்டு வைத்தார்கள். முதுகில் கதையின் பெயரை வெள்ளைத் தாளில் எழுதி ஒட்டியிருப்பார்கள். அத்தகைய பைண்டு தொகுதிகளை 'ஒரிஜினல் புத்தகம் இல்லை, பத்திரிகையில் கிழித்தது' என்று சொல்லி முதலில் வெளியே போடுகிறார்கள். உண்மையில் அதுவே மூலம். முதல் ஓவியங்கள் அதில் உள்ளன. அத்தியாயம் எந்த இடத்தில் நிறுத்தப்பட்டது, அந்த வாரம் என்ன தலையங்கம், பக்கத்தின் மறுபுறம் எந்தச் சோப்புக்கு விளம்பரம், எல்லாம் உள்ளன. புத்தகமாகும்போது இவற்றில் பலவும் உதிர்ந்துவிடுகின்றன. ஓரங்களில் அத்தையோ பாட்டியோ பென்சிலால் ஏதேனும் எழுதியிருந்தால் அதை அழிக்க வேண்டாம் என்று தனியே கேட்டுக்கொள்கிறேன். நம் வாசகர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு வேறு ஆவணம் நம்மிடம் மிகக் குறைவு.

சிற்றிதழ்களுக்கும் இது பொருந்தும். சி.சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை நடத்திய 'எழுத்து' போன்ற இதழின் தனி இதழ் ஒன்று மெலிந்து, அட்டை கழன்று, நாளிதழ்க் கட்டுக்குள் ஒளிந்துகிடக்கும். பழைய நாளிதழ்களை எடைக்குப் போடுமுன் ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள் என்று சொல்வது உங்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுக்கும் என்று அறிவேன். இருந்தாலும் சொல்கிறேன்.

கடிதங்களைப் பற்றிப் பேசும்போது தயங்கித்தான் பேச வேண்டியிருக்கிறது, ஏனெனில் அவற்றில் குடும்பத்தின் மானமும் கலந்திருக்கிறது. ஆயினும் சிலர் துணிந்து காத்ததனால் நமக்குக் கிடைத்தவற்றை எண்ணிப் பாருங்கள். புதுமைப்பித்தன் தம் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாக வந்திருக்கின்றன. பணமுடையும் நோயும் பிரிவும் நிறைந்த அந்தக் கடிதங்களை அவ்வம்மையார் வெளியே காட்டக் கூச்சப்பட்டு அழித்திருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க முடியாது. கு. அழகிரிசாமி தமக்கு எழுதிய கடிதங்களைக் கி. ராஜநாராயணன் காத்துவைத்து நூலாக்கினார். உ.வே.சா. தமக்கு வந்த கடிதங்களைச் சேர்த்துவைத்ததனால், ஓலைச்சுவடி தேடிய காலத்தின் தினசரி நிலவரத்தை அவருடைய வாக்கால் மட்டுமன்றி அவரோடு கடிதத் தொடர்பு கொண்டவர்களின் வாக்காலும் இன்று அறிய முடிகிறது.

இங்கே சட்ட நிலையையும் சொல்லிவிடுகிறேன். கடிதத்தாள் அதைப் பெற்றவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் சொந்தம். அதிலுள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் சொந்தம், அவர் வாழ்நாளில் வெளிவராத கடிதமானால் அது முதன்முதலாக வெளியான பின் அறுபது ஆண்டுகள்வரை. ஆகவே கடிதத்தை ஓர் ஆய்வு நூலகத்துக்கு நீங்கள் கொடுத்துவிடுவதனாலேயே அது நாளையே அச்சேறிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. கொடுக்கும்போதே நிபந்தனையும் விதிக்கலாம்: இன்னார் உயிரோடிருக்கும்வரை எவருக்கும் காட்டலாகாது, இன்ன ஆண்டுக்குப் பிறகே திறக்கலாம் என்று எழுத்தில் கேளுங்கள். முத்திரையிட்டு மூடிய உறையைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் பிரிக்கலாம். எரித்ததற்கு அந்த வசதி இல்லை. வெளிநாட்டிலிருந்து எவரேனும் நல்ல விலை பேசினால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: இலக்கிய மதிப்புடைய கையெழுத்துப்படி எழுபத்தைந்து ஆண்டுகளைக் கடந்துவிட்டால், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி அது தொல்பொருளாகவே கருதப்படும். அதைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்வது குற்றம்.

பராமரிப்பைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அச்சுக்குப் பயன்பட்ட மரக்கூழ்த் தாளில் அமிலம் இருக்கிறது. அது தானாகவே பழுத்து நொறுங்கும் இயல்புடையது, போர்க்காலத்துத் தாள் இன்னும் மோசம். அதை நீங்கள் நிறுத்த முடியாது, வேகப்படுத்தாமல் இருக்கலாம். கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், சில ஆண்டுகளில் அந்தப் பசை மஞ்சளாகி எழுத்தையும் தின்றுவிடும். லாமினேஷன் செய்யாதீர்கள். துருப்பிடித்த பின்களையும் கிளிப்புகளையும் மெல்ல எடுத்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, புதிதாகப் பைண்டிங் செய்யக் கொடுக்காதீர்கள். நல்லது செய்வதாக எண்ணிப் பைண்டர் முதலில் கழற்றி எறிவது பழைய மேலட்டையை. அடுத்து மூன்று பக்கமும் கட்டிங் போட்டு, ஓரக் குறிப்புகளைப் பாதி எழுத்தோடு வெட்டிவிடுவார். தளர்ந்த புத்தகத்தை நூல் ரிப்பனால் கட்டி, தட்டையாகப் படுக்கவைத்து, ஈரமும் கறையானும் அண்டாத அலமாரியில் வைத்தாலே இன்னும் ஒரு தலைமுறை தாங்கும்.

யாரிடம் கொடுப்பது என்பதுதான் நீங்கள் என்னிடம் கடைசியாகக் கேட்கும் கேள்வி. கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. வைத்துக்கொள்ள இடமும் மனமும் உள்ள வீடுதான் முதல் நூலகம். இல்லையென்றால், சிதறாமல் கொடுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளில் சேர்த்த பெருந்தொகுதி, அவர் 1992இல் மறைந்த பின் சிதறிப்போயிருக்கக்கூடியது. சிகாகோ பல்கலைக்கழகம் அதை மொத்தமாக வாங்கி, அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லாமல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைக்கச் செய்தது. 1994 முதல் அது இயங்கிவருகிறது. வாரிசுகள் விற்பது இழுக்கு என்று நான் நினைக்கவில்லை, இப்படி விற்க முடியும் என்பதே என் வாதம். மறைமலையடிகள் 1950இல் மறைந்தபோது தம் நூல்களைப் பொதுப் பயனுக்கு என்று எழுதிவைத்தார், 1958இல் அவர் பெயரிலேயே சென்னையில் நூலகம் திறக்கப்பட்டது. புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதியர் தங்கள் சொந்தப் பணத்தில் உருவாக்கிய ஞானாலயா, முதற்பதிப்புகளுக்காகவே ஆய்வாளர்கள் தேடிப்போகும் இடமாயிற்று. கையெழுத்துப்படிகளும் ஓலைகளும் என்றால் உ.வே.சா. நூலகம் போன்றவை உள்ளன.

எங்கு கொடுத்தாலும், கொடுப்பதற்கு முன் நல்ல முறையில் படம் எடுத்துவிடுங்கள். மேலட்டை, பின்னட்டை, வெற்றுத் தாள், விளம்பரப் பக்கம் உட்பட எல்லாவற்றையும் எடுக்க வேண்டும், ஏனெனில் மின்னாக்கம் செய்பவர்கள் நேரம் மிச்சம் பிடிக்க முதலில் விடுவது அவற்றைத்தான். ஒரே இடத்தில் ஒரே படியாக இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது நாம் பார்த்தோம். ஏறத்தாழ 97,000 நூல்கள் அங்கே இருந்தன. சென்னையில் பழைய புத்தக வியாபாரத்தின் மையமாக இருந்த மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தது. பொது நூலகத்துக்குக் கொடுக்க விரும்பினால், கையொப்பமிட்ட படிகளைப் பொது வாசிப்புக்கான தட்டில் வைக்கக் கூடாது, அந்தப் பக்கத்தின்மேல் முத்திரை குத்தக் கூடாது, கழிவு நூல் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்று எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். அப்படி எழுதித் தர மறுத்தால், நன்றி சொல்லிவிட்டுப் புத்தகங்களை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்துவிடலாம்.

எங்களைப் போன்ற சேகரிப்பாளர்களையும் எளிதில் நம்பிவிடாதீர்கள். எங்களில் நல்லவர்கள் உண்டு, தங்கள் சேகரத்தை ஆய்வாளர்களுக்குத் திறந்துவைத்திருப்பவர்கள் உண்டு. ஆனால் உங்கள் தந்தையின் கதைகளைப் புகழ்ந்துகொண்டே அலமாரியின் மேல்தட்டைக் கண்ணால் அளப்பவர்களும், 'ஜெராக்ஸ் எடுத்துவிட்டுத் தருகிறேன்' என்று கொண்டுபோய்த் திரும்பி வராதவர்களும், கிடைத்த அரிய நூலை எவருக்கும் காட்டாமல் பூட்டிவைப்பதிலேயே இன்பம் காண்பவர்களும் எங்களிடையே இருக்கிறார்கள். தமிழ் முதற்பதிப்புகளுக்கு நிலையான சந்தை விலை என்று ஒன்று இன்னும் உருவாகவில்லை. ஒருவர் குப்பை என்று சொல்வதை இன்னொருவர் பெருந்தொகைக்குக் கேட்கலாம். ஆகவே முதலில் வந்தவரிடம், முதல் நாளிலேயே, எதையும் கொடுக்காதீர்கள். நான் வந்தாலும் அப்படியே. இரவல் கொடுத்தால் புத்தகத்தின் பெயர், ஆண்டு, நிலை, திருப்பித் தரும் நாள் ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். நேர்மையாளர் எவரும் இதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உங்களிடம் நான் இப்போது கேட்பது ஒரு பட்டியல் மட்டுமே. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒரு வரிக்கு ஒரு புத்தகம்: பெயர், பதிப்பகம், ஊர், அச்சான ஆண்டு, அச்சாகியிருக்கும் விலை, உள்ளே கையெழுத்து ஏதேனும் இருந்தால் அது எழுத்துக்கு எழுத்து அப்படியே. கடிதங்களுக்கு அனுப்பியவர், பெற்றவர், தேதி ஆகியவை மட்டும் போதும், படிக்கவே வேண்டாம். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் அவர்களை அருகில் உட்காரவைத்துக்கொண்டு எழுதுங்கள், ஏனெனில் முன் வெற்றுத் தாளில் 'அன்பு நண்பன் மணிக்கு' என்றிருந்தால் அந்த மணி யார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பட்டியலின் ஒரு படியை வீட்டிலும் இன்னொன்றை வேறு ஊரில் இருக்கும் உறவினரிடமும் வைத்துவிட்டால், அதன்பின் எதைக் கொடுப்பது, எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து சாவகாசமாக முடிவு செய்யலாம்.

இங்ஙனம்,
பழைய நூல்களைச் சேர்த்துவரும் ஒரு வாசகன்,
திருச்சிராப்பள்ளி.